ஆறிய வலது பாதம்

இரும்புலியூரில் நான் போகிற பல் டாக்டர், காத்திருக்கும் அறையில் புதிதாக ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறார். நேற்று சாயங்காலம் எனக்கு அதன் பக்கத்து நாற்காலியில்தான் இடம் கிடைத்தது. தொட்டிக்குக் காற்று தள்ளுகிற சின்ன மோட்டார் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. நடுநடுவே யாரோ தண்ணீர் விழுங்குவதுபோல ஒரு சத்தம். கையிலிருந்த பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண் எழுந்துவந்து தோளைத் தொட்டபோது, என் கை நாற்காலிக்குக் கீழே எதையோ துழாவிக்கொண்டிருந்தது. குழாய் எங்காவது மடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறது அந்தக் கை.

உன் மெஷினின் சத்தம் அது. அப்படியே அதே சத்தம்.

வீட்டுக்கு வந்த பிறகும் பல்வலி ஒரு பக்கம், உன் நினைவு ஒரு பக்கம். நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து சொன்னால் பாதியிலேயே மறித்து வேறு கதைக்குப் போய்விடுவாய். எழுதினால் உன்னால் மறிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில், ஒரு தையல் கம்பெனியின் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் நாம். கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று நான் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். நீ டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். சாப்பிட்டு முடித்ததும், "ஸ்டெல்லா, டிரைவிங் ஸ்கூல் போடலாம்டி. லேடீஸுக்குச் சொல்லிக் குடுக்க இந்தப் பக்கம் ஒரு லேடி இல்ல" என்றாய். உன் அண்ணன் டாக்சி வைத்திருந்ததால் உனக்குச் சின்ன வயதிலேயே ஸ்டியரிங் பழக்கம். எனக்கு அப்போது ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. அதைச் சொன்னபோது, "நீதான் நம்ம முதல் ஸ்டூடண்ட்" என்றாய்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு அறை. யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு பழைய கார். பழகுகிறவர்கள் வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார, நீ இடது பக்கம் உட்காருவாய். உன் காலடியில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். அந்த பிரேக்கை நம்பித்தான் மேடவாக்கத்திலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவார், நீ கத்த மாட்டாய் என்று வந்தார்கள்.

ஒருமுறை நான் பின்சீட்டில் இருந்தேன். மேடவாக்கம் சிக்னல் தாண்டியதும், கம்ப்யூட்டர் வேலையில் இருந்த, வண்டி பழக வந்த ஒரு பெண்ணுக்கு எதிரே ஒரு தண்ணி லாரி, ஏறக்குறைய நம் பக்கத்துக்கே வந்துவிட்டது. அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நீ வலது காலை ஒரு அழுத்து அழுத்தினாய். கார் குலுங்காமல் நின்றது. லாரி போன பிறகு, "அவனும் வீட்டுக்குப் போகணும்மா, நம்ம மேல ஏத்தறதுல அவனுக்கு ஒண்ணும் லாபம் இல்ல. கைய எடு, முதல் கியர் போடு" என்றாய். குரல் கொஞ்சமும் மாறவில்லை. உனக்கு உலகத்தில் மிகவும் பிடித்த காரியம் அதுதான் என்று எனக்கு அன்று தெரிந்திருக்க வேண்டும். பயந்துபோன ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்காக நீ பிரேக் போடுவது.

உனக்குச் சர்க்கரை வெகு நாளாக இருந்தது. கிட்னி பாதி வேலைதான் செய்கிறது என்று சொல்லியிருந்தார்கள். நெஞ்சுவலியே இல்லாமல் ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்றும் ஏதோ பரிசோதனையில் தெரியவந்தது. இதையெல்லாம் நீ வீட்டில் ஒழுகுகிற குழாயைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாய். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதை நாம் ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தோம். ஒரு செருப்பு தெருவில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நீ ஒற்றைச் செருப்போடு ஆபீஸுக்குள் வந்த அன்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

அந்தக் கோடையில் கார் ஏசி வேலை செய்யவில்லை. செருப்போடு மிதித்தால் பிரேக்கின் பிடி தெரியவில்லை என்று நீ வெறுங்காலோடு உட்கார ஆரம்பித்திருந்தாய். இடது பக்கம் தரைக்குக் கீழே வெப்பத்தைத் தடுக்கும் தகடு கழன்றுபோயிருந்தது நமக்குத் தெரியாது. ஏசி பார்க்க வந்த மெக்கானிக்தான் தரையில் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தான். "இன்னாக்கா, அடுப்பு மாரி கீது. இதும்மேல எப்டிக்கா காலு வெச்சிகினு இருந்தீங்க?" என்றான். நீ உன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாய். உள்ளங்காலின் முன்பக்கம் முழுக்க ஒரு பெரிய கொப்புளம். எப்போது வந்தது என்று உனக்கே தெரியவில்லை.

மஞ்சள் வைத்தாய். பிறகு தெருமுனை மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பு. வகுப்பை நிறுத்தவில்லை. ஒரு காலையில், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பெண் மெல்லத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். பின்சீட்டில் இருந்த எனக்கும் உன் காலிலிருந்து அந்த வாடை வந்தது. நீ அவளைப் பார்த்தாய், பிறகு பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். அன்று வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அதற்குள் பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. உடம்பு அனலாகக் கொதித்தது.

அந்த அறுவை சிகிச்சை டாக்டரை உனக்குப் பிடித்திருந்தது. நம் வயதுப் பெண்தான். படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். ஒரு பக்கம் உன் வீட்டுக்காரர், ஒரு பக்கம் நான். உன் மகன் பூனாவிலிருந்து போனில். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் ஒரே அறுவை, புண் தொல்லை சீக்கிரம் முடியும், பிறகு செயற்கைக் கால் வைத்துப் பழக வேண்டும். காலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது நீண்ட வழி. அடைப்பை எடுக்க வேண்டும், அதற்குச் செலுத்துகிற சாயம் கிட்னிக்கு ஆகாது. செத்த விரல்களையும் சதையையும் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் புண்ணை ஆற்ற வேண்டும். இதயம் இருக்கிற நிலையில் முழு மயக்கம் கொடுப்பதே ஒரு கண்டம். எந்த வழியில் போனாலும் உத்தரவாதம் கிடையாது.

"ரெண்டுமே தப்பான முடிவு இல்ல. உங்களுக்கு எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் உன்னைப் பார்த்து.

நீ சொன்னாய்: "டாக்டர், இந்தக் கால்லதான் நான் பிரேக் போடுவேன்."

டாக்டர் புன்னகைத்தார். உன் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். இவ்வளவு காய்ச்சலிலும் இவளுக்கு விளையாட்டைப் பார் என்று எங்களுக்கு ஒரு ஆறுதல். நீ சிரித்ததாக எனக்கு நினைவில்லை. கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். காலைக் காப்பாற்றுவது என்று முடிவானது. எப்படியும் கால் இருக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். உனக்கு அது எதற்காக என்பதை நீ சொல்லிவிட்டாய், எங்கள் காதில்தான் ஏறவில்லை.

கையைக் கிள்ளினால் தெரிகிற நினைவோடு, கால் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு முறை உள்ளே கொண்டுபோனார்கள். முதலில் ரத்தக்குழாயில் பலூன் விட்டு அடைப்பைத் திறந்தார்கள். பிறகு விரல்கள். நீ வெளியே வந்தபோது உன் பாதம் முன்பக்கம் பாதி இல்லாமல், கட்டுக்குள் ஒரு சின்னப் பொட்டலம்போல இருந்தது. உள்ளே திரையின் பின்னால் வெட்டுகிற சத்தம் கேட்டதாம். "மர ஆசாரி வேலை மாதிரி இருந்துச்சுடி" என்று மட்டும் சொன்னாய்.

கட்டு பிரித்த அன்றுதான் அந்த மெஷின் வந்தது. புண்ணின் குழிக்குள் அளவாக வெட்டிய கறுப்பு ஸ்பாஞ்சை வைத்து, மேலே கண்ணாடிபோன்ற ஒரு ஒட்டுத்தாளைப் போர்த்தி மூடினார்கள். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மெஷின். உள்ளே இருக்கிற காற்றை அது இழுத்துக்கொண்டே இருக்கும். கெட்ட நீரெல்லாம் பக்கத்து டப்பாவில் சேரும். புண்ணின் அடியில் புதுச் சதை முளைக்க அது இடம் பண்ணிக் கொடுக்கும் என்று டாக்டர் விளக்கினார். நீ கொஞ்ச நேரம் அதன் முனகலைக் கேட்டுவிட்டு, "எங்க மாமியார் மாதிரி இருக்கு. முனகிக்கிட்டே இருக்கும், ஆனா வேலை நடக்கும்" என்றாய். அன்றிலிருந்து அதற்கு மாமியார் என்றே பெயர். நர்ஸ் பெண்கள்கூட அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது தோளில் மாட்டுகிற சின்ன மெஷின் கொடுத்தார்கள். ஹாலில் ஜன்னலோரம் உனக்குக் கட்டில். காலைக் கீழே ஊன்றவே கூடாது. உனக்குப் பதிலாக நான் எடுக்கிற காலை வகுப்பை முடித்துவிட்டு நேராக உன் வீட்டுக்கு வருவேன். மெஷின் கீச்சிட்டால் எங்கோ ஒட்டுத்தாளில் காற்று புகுகிறது என்று அர்த்தம். கணுக்காலைச் சுற்றி விரலால் தடவி, எந்த மடிப்பு என்று கண்டுபிடித்து, மேலே இன்னொரு துண்டு ஒட்டுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது. சதை சிவப்பாக இருக்கிறதா, டப்பாவில் நீர் குறைந்திருக்கிறதா, ஓரம் வெளுத்திருக்கிறதா என்று எல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். செருப்பைக் கழற்றும்போதே வாசலிலிருந்து, "எப்படி இருக்கு?" என்பேன். எல்லோரும் அப்படித்தான். உன் வீட்டுக்காரர், எதிர்வீட்டு டீச்சர், போனில் உன் மகன். எப்படி இருக்கு. எப்படி இருக்கே என்று கேட்டவர்கள் உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஒருநாள் நான் குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டேன். பதில் வரவில்லை. நிமிர்ந்தேன். "வர்றவங்க எல்லாரும் என் கால்கிட்டயே பேசறீங்க. நான் இந்தப் பக்கம் இருக்கேன்டி" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டு, உன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனேன். மறுநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் அதே கேள்விதான் வாயில் வந்தது.

அந்த மாதங்களில் சிரிப்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். புண் ஆற முட்டை சாப்பிடச் சொல்வார் இந்த டாக்டர். கிட்னி டாக்டர் அதைக் குறைக்கச் சொல்வார். "ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டுங்க. வெளிய வர்றதுக்குள்ள நான் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுடுவேன்" என்பாய். பிறகு அந்த வலி வந்த நாள். ஸ்பாஞ்சை மாற்றும்போது உனக்கு எப்போதும் எதுவும் தெரியாது. வலிக்காததுதான் எங்களுக்குப் பயம். ஒருநாள் நர்ஸ் ஓரத்தைப் பிரித்தபோது, கணுக்கால் பக்கம் நீ "அம்மா" என்று காலை இழுத்தாய். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. ரத்தம் ஓடுகிறது, அதனால்தான் வலிக்கிறது என்றார். நீ அழுகையும் சிரிப்புமாக, "ஊர்ல என் வலிக்குச் சந்தோஷப்படற ஒரே ஆள் நீங்கதான்" என்றாய்.

புதுச் சதை ஓரளவு நிரம்பிய பிறகு ஒரு கட்டத்தில் ஆறுவது நின்றுபோனது. அப்போது டாக்டர் வேறொன்று சொன்னார். பிரசவத்தில் நஞ்சுக்கொடியோடு வருகிற சவ்வு, குழந்தையை உள்ளே மூடியிருக்கிற மெல்லிய சவ்வு, அதை மனமுவந்து கொடுக்கிற தாய்மார்களிடமிருந்து வாங்கிச் சுத்தம் செய்து பதப்படுத்தி வைக்கிறார்கள், அதைப் புண்ணின் மேல் போர்த்தினால் ஆற உதவும் என்றார். முத்திரை போட்ட உறையிலிருந்து எடுத்தபோது அது ஈர வெங்காயத் தோல்போல இருந்தது. வைத்ததும் புண்ணோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியில், கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது, "யாரோ பெத்த கொழந்தையோட போர்வை. அந்தக் கொழந்த இப்ப எங்க தவழுதோ. அதுக்கு ஒண்ணும் தெரியாது, இங்க ஒரு கெழவி காலப் போத்தி வெச்சிருக்கு" என்றாய். கிழவி என்று நீ உன்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசியாகத் தொடையிலிருந்து மெல்லியதாகத் தோல் எடுத்து வைத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்று அடங்கும்போது புண் மூடியிருந்தது. மாமியாரைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்க வந்த பையன் அதைப் பையில் போட்டபோது வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. விரல் இல்லாத இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த காலணி வந்தது. நீ தடியை ஊன்றிக்கொண்டு கேட் வரை நடந்து திரும்பினாய். எதிர்வீட்டு டீச்சர் கை தட்டினார். உன் வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய்விட்டார், முகம் துடைக்க.

டாக்டருக்கு அது பெரிய வெற்றி. இப்படிப்பட்ட இதயமும் கிட்னியும் உள்ளவர்களுக்குப் பல நேரம் முடிவு வேறு மாதிரி ஆகிவிடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். உன்னிடம் எச்சரிக்கைகளைச் சொன்னார். உள்ளங்கால் தோல் புதுசு, பூப்போல வைத்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு ஒரு அடிகூட வைக்கக் கூடாது. முன்பாதத்தில் அழுத்தம் வரவே கூடாது. நீ வண்டியைப் பற்றிக் கேட்டாய். இப்போதைக்கு வேண்டாம், பார்க்கலாம் என்றார். உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு அந்தப் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று நம் மூன்று பேருக்குமே தெரியும். நீ தலையை ஆட்டினாய்.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தீபாவளி முடிந்து, மழை ஒரு நாள் விட்டிருந்த காலை. வகுப்புக்கு வர வேண்டிய பெண் வரவில்லை என்று காரோடு உன் வீட்டுக்கு வந்தேன். நீ தடியோடு கேட்டைத் திறந்து வெளியே வந்தாய். பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே காரைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாய். உன் பழைய இடம். தரையில் புதுத் தகடும் தடித்த விரிப்பும் போட்டிருந்தேன், அதைப் பார்த்தாய்.

"ஸ்டெல்லா, வேங்கைவாசல் லேஅவுட்டுக்குப் போலாம். இந்நேரம் அங்க ஒரு நாய்கூட இருக்காது" என்றாய்.

எதற்கு என்று கேட்டேன்.

"நீ ஓட்டு. ஒரு இடத்துல நான் பிரேக் போடறேன். ஒரே ஒரு தடவ. நீ போடாத."

விளையாட்டாகச் சொல்கிறாயா என்று உன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உன் வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. எனக்கு அந்தக் காலணிக்குள் இருக்கும் தோல்தான் தெரிந்தது. அந்த இளஞ்சிவப்பு, அதன் ஓரம், அதை அங்கே கொண்டுவந்து சேர்க்கப் பட்ட பாடு. தோல் கிழிந்தால் எல்லாம் முதலிலிருந்து என்று சொன்னேன். அடுத்த செக்கப் வரட்டும், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றேன். நான் சொல்லிக்கொண்டே போனேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு கேட்டாய்: "இவ்ளோ கஷ்டப்பட்டுக் காப்பாத்தினது எதுக்குடி? பத்திரமா வெச்சுக்கறதுக்கா?"

பேச்சை மாற்றினேன். மழை மறுபடி வரும்போல இருக்கிறது, உள்ளே போகலாம் என்றேன். நீ முன்கண்ணாடி வழியாகத் தெருவை ஒருமுறை பார்த்தாய். என் கையைப் பிடித்து இறங்கினாய். "சரி, போ, உனக்கு அடுத்த கிளாஸுக்கு லேட் ஆகுது" என்றாய். அதுவும் உன் சாதாரணக் குரல்தான். லாரி போன பிறகு அந்தப் பெண்ணிடம் பேசிய அதே குரல்.

செக்கப்புக்கு முன்பே உன் வீட்டுக்காரரின் போன் வந்தது. காலையில் காபி கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார், நீ எழுந்திருக்கவில்லை. இதயம். தூக்கத்திலேயே போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள் என்றார் பார்த்த டாக்டர். எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் மகன் வந்து சேர மத்தியானம் ஆகும் என்றார்கள்.

உன்னைக் குளிப்பாட்ட என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி ஆயிற்றே, வேறு யாராவது இருக்கட்டும் என்று தயங்கியபோது உன் நாத்தனார், "அவளுக்கு நீதான் வேணும், வா" என்றாள். உள்ளே போனேன். பழக்கம், முதலில் உன் காலைத்தான் பார்த்தேன். காலுறையை நான்தான் கழற்றினேன். பாதத்தைக் கையில் ஏந்தித் திருப்பினேன். தோல் முழுசாக இருந்தது. காய்ந்து, மிருதுவாக, ஒரு கீறல் இல்லாமல். எந்த டாக்டரிடம் காட்டினாலும் நல்லா ஆறியிருக்கு என்று சொல்கிற கால். அதற்குப் பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொல்லி, அன்றைக்கு அவளை ஒரு தடவை பிரேக் போட விட்டிருந்தால் தோல் கிழிந்திருக்குமா என்று கேட்டேன். கிழிந்திருக்கலாம், ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம் என்றார். என்னைக் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், நீங்கள் செய்தது சரிதான் என்றார். நான் எழுந்தபோது, "முதல் நாளே சொன்னாங்க இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கும் அது நினைவிருந்தது.

நான் செய்தது சரிதான். அதை எத்தனை பேர் வந்து சொன்னாலும் எனக்கு ஆறுதலாக இல்லை. தப்பாக ஏதாவது செய்திருந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேனோ என்னவோ. சரியானதைச் செய்துவிட்டு இப்படி வருத்தப்பட முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது. உன் கடைசி நல்ல மாதங்கள் எல்லாவற்றையும் அந்தக் கால் வாங்கிக்கொண்டது. பதிலுக்கு அது உனக்குக் கேட் வரை நடையைக் கொடுத்தது. நீ கேட்டது வேறு.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு, டாக்டர் என்னிடம் அனுமதி கேட்டு, இதே நிலையில் இருக்கிற சில குடும்பங்களுக்கு என் போன் நம்பரைக் கொடுக்கிறார். காலை எடுப்பதா, காப்பாற்றுவதா என்று தவித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். மெஷின் என்ன செய்யும், வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, ஒட்டுத்தாளில் காற்று புகுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது எல்லாம் சொல்கிறேன். எந்த வழி நல்லது என்று சொல்வதில்லை, அது எனக்குத் தெரியாது. முடிக்கும் முன் ஒன்று மட்டும் கேட்பேன். கால் இருந்தா என்ன பண்ணணும்னு ஆசைப்படறாங்க, அவங்களையே கேட்டீங்களா?

போன வாரம் இரும்புலியூரிலிருந்தே ஒருவர் பேசினார். படுக்கையில் இருப்பது அவருடைய அம்மா. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர் மறுநாள் கூப்பிட்டார். "மொட்டை மாடில ஏறி வடாம் காயப்போடணுமாம் மேடம். டாக்டர் எவ்ளோ பெரிய விஷயம் பேசிட்டிருக்கார், இவங்க வடாம்ங்கறாங்க" என்று சிரித்தார்.

சிரிக்க வேண்டாம் என்று சொன்னேன். அதுதான் பதில், ஒரு வார்த்தை மாற்றாமல் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள் என்றேன். எதிர்முனையில் சிரிப்பு நின்றது. சரி மேடம் என்றார். சிரிக்க வேண்டாம் என்கிற இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நான் உன்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். யார் யாருக்கோ சொல்கிறேன். உன் கட்டிலின் பக்கத்தில் நின்ற அன்று மட்டும் எனக்கு அது தெரியவில்லை.